இலையும் பெயரும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காசுமீரத்திற்குச் சென்று திரும்பிய நம் கரோல் பாக் சிறுமி ஒருத்தி, விரித்த கைபோன்ற சிவந்த இலையொன்றைக் குறிப்பேட்டில் ஒட்டி, அதன்கீழ் 'மேப்பிள்' என்று எழுதி என்னிடம் காட்டினாள். நானும் "நன்று" என்று தலையசைத்தேன். பின்னர் நூலைப் புரட்டியபோதுதான் எங்கள் இருவர் பிழையும் விளங்கிற்று. அது சினார் மரத்தின் இலை. மறுநாள் அவளிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். "அப்படியானால் நம் நாட்டில் மேப்பிளே இல்லையா, தாத்தா?" என்று கேட்டாள். அதற்கு விடை கூறவே இன்று இம்மேடையில் நிற்கிறேன்.

உண்டு. கனடா நாட்டுக் கொடியில் 1965ஆம் ஆண்டு முதல் அதன் இலை விளங்குவதால், மேப்பிளை அயல்நாட்டு மரமென்றே எண்ணிவிட்டோம். இமயமலைச் சாரலில் அதன் பல வகைகள் இயல்பாக வளர்கின்றன. மேப்பிளில் திரளும் முண்டுகளைக் கடைந்து, திபெத்தியர் தேநீர்க் கிண்ணங்கள் செய்வது பழைய வழக்கம்.

மேப்பிளின் இலைகள் கிளையில் எதிரெதிராக இணைந்து தோன்றும். சினாரின் இலைகள் மாறி மாறித் தோன்றும். மேப்பிளின் காய்க்கு இரு சிறகுகள் உண்டு. சினாரின் காய்களோ உருண்டைகளாகத் தொங்கும். இலையின் வடிவை மட்டும் நம்பலாகாது. இமயத்தின் தாழ்ந்த மலைகளில் வளரும் 'ஏசர் ஒப்லாங்கம்' என்னும் மேப்பிளின் இலையில் பிளவே இல்லை!

பெயரை மட்டும் நம்புவதும் போதாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்களை அடுக்கினார். அவற்றுட் சில எவை என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. பெயர் நம்மிடம் தங்கிற்று, செடி கைநழுவிற்று. பெயரையும் இலையையும் காயையும் நிலத்தையும் ஒருங்கே பிணைத்து வைக்கும் நூல்களின் அருமை இதனால் விளங்கும்.

அந்நூல்கள் யாவை? ஹூக்கர் 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட பிரித்தானிய இந்தியத் தாவர நூல் முதலாவது. பிராண்டிஸ் 1906இல் வெளியிட்ட 'இந்திய மரங்கள்' அடுத்தது. சிம்லா செல்வோருக்குக் காலெட் எழுதி 1902இல் வந்த 'ஃப்ளோரா சிம்லென்சிஸ்' படங்களுடன் உதவும். இப்பழைய நூல்களை இன்று இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம். ஆனால் அவற்றிலுள்ள பெயர்களுட் சில பின்னாளில் மாறியுள்ளன. புதிய நூலோடு ஒப்பிடுதல் வேண்டும்.

நிலத்திற்கேற்ற நூலைத் தேர்தலும் இன்றியமையாதது. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிக் கேம்பிள் தொடங்கிய பெருநூலில் மேப்பிளைத் தேடிப் பயனில்லை. தென்னாட்டு மலைகளில் அது இயல்பாக வளர்வதில்லை. தில்லி மரங்களுக்கோ 1963இல் வந்த மகேசுவரியின் நூலும், 2006இல் பிரதீப் கிருஷண் படங்களுடன் எழுதிய கையேடும் உள்ளன.

நூலோடு நில்லாமல் கண்ணாலும் காண விரும்புவோர், 1906இல் தோன்றிய டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைக் காணலாம்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. தனிக்குடும்பமாக வைக்கப்பட்டிருந்த மேப்பிளை, இந்நாளைய தாவரவியலார் பூந்திக்கொட்டையின் குடும்பத்தில் சேர்த்துவிட்டனர். அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் நீங்கள் தோசை மாவில் அரைத்துச் சேர்க்கும் முடக்கத்தான்! இமயத்து மரத்திற்கும் நம் வேலிக் கொடிக்கும் உறவு உண்டு.

நம் சங்க நூலகத்தில் மர நூல்களுக்கு ஓர் அலமாரி அமைப்போம். நம் பிள்ளைகள் பிறந்து வளரும் மண் இது. இதன் மரங்களைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாமல் அவர்கள் வளரலாகாது. அச்சிறுமி தன் குறிப்பேட்டில் 'மேப்பிள்' என்பதை அடித்து, 'சினார்' என்று எழுதிவிட்டாள். அடுத்த பக்கத்தை மேப்பிளுக்காக வெறுமையாக வைத்திருக்கிறாள். அதனை நிரப்ப அவளுக்குத் துணை நிற்போமாக.