விளையாட்டு யந்திரப் பலகையும் பழுது காணும் முறையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் இன்று பேசப் புகுவது இலக்கணமன்று. காசிட்டு ஆடும் விளையாட்டு யந்திரங்களின் உள்ளே கிடக்கும் மின்சுற்றுப் பலகைகளைப் பற்றியது. ஓய்வுக் காலத்தில் சில ஆண்டுகளாக யாம் பயின்றுவரும் கைத்தொழில் இஃதாகலின், கைப்பட அறிந்ததையே கூறத் துணிந்தோம்.

ஜப்பான் தேசத்து டைட்டோ நிறுவனம் 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்பதையும், நாம்கோ நிறுவனம் 1980-இல் 'பாக்-மேன்' என்பதையும் வெளியிட்டன. பின்னதன் நிரல் முழுவதும் 16 கிலோபைட் அளவிற்றே. இந்நாளிற் கைப்பேசி பிடிக்கும் ஒரு படம் அதனினும் பன்மடங்கு பெரிது. அக்காலத்துப் பலகைகளில் வேலை பல சில்லுகளுக்குப் பகுத்தளிக்கப்பட்டிருத்தலின், பழுது நீக்கப் பயில்வார்க்கு அவை மிக ஏற்றவை.

நம் இளைஞர் சிலர் எம்மிடம் வந்து முதலிற் கேட்பது, "எந்தச் சில்லை மாற்றுவது?" என்பதே. யாமும் அவ்வாறே தொடங்கினோம்.

எமது முதற்பலகை, பழுதுற்றதென்று மலிவாக விற்கப்பட்டதொன்று. 'இசட் 80' என்னும் 40 கால் செயலியை உடையது. மின்சாரம் ஊட்டியவுடன் திரையிற் பொருளற்ற எழுத்துக்கள் நிரம்பும், சிறிது பொழுதில் மறையும், மீண்டும் நிரம்பும். செயலி கெட்டதென்று அன்றிரவே முடிவு செய்தோம். ஈயப்பற்றை இளக்கி அதனைப் பெயர்த்தபோது, சூடு மிகுந்து, செப்புத் தடங்கள் ஒன்பது உரிந்து வந்தன. அவற்றிற்கு மாறாக மெல்லிய கம்பிகளை இழுத்துப் புதுச் செயலி பொருத்தியும் பழைய காட்சியே தோன்றிற்று. அதன் பின்னரே மல்டிமீட்டரைக் கையில் எடுத்தோம்! மின்வழங்கியின் வாயில் 5 வோல்ட். செயலியின் காலிலோ நாலரைக்கும் குறைவு. பலகை விளிம்பின் இணைப்புப் பற்கள் கறுத்திருந்தன. பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் அவற்றைத் துடைத்தோம், ஆட்டம் எழுந்தது. பழைய செயலியை மீண்டும் இட்டோம், அதுவும் ஓடிற்று.

திரை மீண்டும் மீண்டும் நிரம்பியதன் காரணம் யாதெனின், இப்பலகைகளில் 'வாட்ச்டாக்' என்றொரு காவற்சுற்று உண்டு. குறித்த காலத்துள் செயலி அதற்குச் சமிக்ஞை விடுக்காதாயின், அது செயலியை முதலிலிருந்து தொடங்கச் செய்யும். செயலி வழிதவறிற்று என்பதே அதனால் விளங்குவது. தவறியது ஏன் என்பது விளங்காது.

அன்றுமுதல் யாம் கொண்ட ஒழுங்கு இது. முதற்கண் துருவேறிய கால், அறுந்த தடம், பிறர் முன்பு கைவைத்த அடையாளம் ஆகியவற்றைக் கண்ணாற் காணுதல். பின், செயலியின் 11-ஆம் காலுக்கும் 29-ஆம் காலுக்கும் இடையே 5 வோல்ட் நிற்கின்றதா என அளத்தல். அதன்மேல், 'லாஜிக் ப்ரோப்' என்னும் ஊசிமுனைக் கருவியை 6-ஆம் காலில் வைத்தால் கிளாக் துடிப்புத் தெரிதல் வேண்டும். 26-ஆம் காலாகிய ரீசெட் உயர்நிலையில் நிற்றல் வேண்டும். அது விட்டுவிட்டுத் தாழுமாயின் காவற்சுற்று இயங்குகின்றதென்க.

இனி, நிரல் தங்கிய ரோம் சில்லுகள். இவ்விடத்து எமது பழைய கல்வி துணைநின்றது. ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர் ஐயமுற்ற இடத்தைத் தம் கருத்தால் திருத்திவிடாது, பிற பிரதிகளை வருவித்துப் பாடம் ஒப்புநோக்குவர். அவ்வாறே ரோமைக் கழற்றிப் படிப்பான் கருவியிற் படித்து, நற்பிரதியோடு ஒப்பிடல் வேண்டும். 1997 முதல் வெளிவரும் 'மேம்' என்னும் மென்பொருள், ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் ரோம்களுக்குரிய சரிபார்ப்பு எண்களைத் தன்னகத்தே கொண்டுள்ளது. எண் ஒத்தால் ரோமிற் குற்றமில்லை. ஒவ்வாதாயினும் கெட்டதென்று உடனே துணியற்க. அது வேறு பதிப்பாகவும் இருத்தல் கூடும். பாடபேதத்தைப் பிழையென்று அடித்துவிட்ட பதிப்பாசிரியர் நம்மிடையே இல்லையா?

திரையும் ஓர் ஏடே. பின்னணிச் சித்திரம் செவ்வனே நின்று, அசையும் உருக்கள் மாத்திரம் கோடுகோடாய்ச் சிதையுமாயின், செயலியை விட்டு, அவ்வுருக்களை வரையும் பகுதியைத் தேடுக. ஐயுற்ற சில்லின் முதுகில் அதே வகை நற்சில்லை அழுத்திப் பார்ப்பாரும் உளர். யாம் அதனை அதிகம் நம்புவதில்லை. கெட்டதென உறுதியான சில்லைக் கால்களை வெட்டி, கால் கால் ஆக இளக்கி எடுத்தால் தடம் பிழைக்கும்.

எமது முதற்பலகையை இம்மேசைமேல் வைத்துள்ளோம். கூட்டம் முடிந்தபின் இளைஞர்கள் அருகே வந்து திருப்பிப் பார்க்கலாம். கீழ்ப்புறத்தே அவ்வொன்பது கம்பிகளும் தெரியும்.