செல்போன் விளையாட்டும் பிள்ளைங்க படிப்பும்



"போன்ல விளையாடினா படிப்பு வருமா, இருக்கிற படிப்பும் போயிருமா?" நம்ம குழுக் கூட்டங்களில் அடிக்கடி வர்ற கேள்வி இது.

விளையாடிக்கிட்டே கத்துக்கிறது நமக்குப் புதுசு இல்லை. பல்லாங்குழியில காய் போட்டுத்தான் நாம எண்ணிப் பழகினோம். அதே வழி இப்போ போனுக்குள்ளயும் வந்திருக்கு.

கொரோனாவால 2020 மார்ச்சில் மூடின பள்ளிக்கூடம், 1 முதல் 8-ம் வகுப்பு வரைக்கும் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தது. அதுக்குள்ள எத்தனையோ பிள்ளைங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிறதே மறந்துபோச்சு. அதைச் சரிக்கட்டத்தான் இல்லம் தேடிக் கல்வி வந்தது. அந்த மையங்களில் 2022 ஜூன் 1 முதல் 12 வரை தொடர் வாசிப்புப் போட்டி நடந்தது. அதுக்குப் பயன்பட்டது கூகுளின் 'ரீட் அலாங்' செயலி.

அதில் படத்தோட சின்னக் கதை வரும். பிள்ளை சத்தமா வாசிக்கணும், போன் கேட்டுக்கும். வார்த்தை தெரியலைன்னா அதைத் தொட்டால் போதும், வாசிச்சுக் காட்டும். நல்லா வாசிச்சா நட்சத்திரம் கிடைக்கும். நடுவுல வார்த்தை விளையாட்டும் உண்டு. கதையை ஒருதடவை இறக்கி வச்சுட்டா நெட் இல்லாமலும் ஓடும்.

இதில் நல்லது என்னன்னா, பிள்ளை பத்துத் தடவை தப்பா வாசிச்சாலும் போன் திட்டாது, தலையில் குட்டாது. நாலு பேர் முன்னாடி வாசிக்கக் கூச்சப்படுற பிள்ளையும் வாயைத் திறக்கும்.

ஆனா வாசிச்சது புரிஞ்சுதான்னு போனுக்குத் தெரியாது. நட்சத்திரத்துக்காகவே வேகமா ஓட்டுற பிள்ளையும் உண்டு. அதனால போனைக் கையில் கொடுத்துட்டு அடுப்படிக்குப் போயிடாதீங்க. இருபது நிமிஷம் பக்கத்தில் உட்காருங்க. முடிஞ்சதும் போனை வாங்கி வச்சுட்டு, "கதையைச் சொல்லு"ன்னு கேளுங்க. பாடப்புத்தகத்தில் நாலு வரி, பஸ் போர்டில் ஊர்ப்பேர் வாசிக்கச் சொல்லுங்க. போனைக் கீழே வச்ச பிறகும் வாசிக்க வந்தாத்தான் அது படிப்பு. இல்லைன்னா வெறும் ஆட்டம்தான்.

இன்னும் இரண்டு விஷயம். காசு கட்டி ஆடுற ஆட்டம் எதையும் பிள்ளைங்க போனில் இருக்க விடாதீங்க. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க நம்ம மாநிலத்தில் சட்டமே போட்டிருக்காங்க. பாடத்துக்கு என்று இறக்கின செயலி காசு கேட்டாலும் உடனே எடுத்துடுங்க.

அடுத்தது, வீட்டுக்கு ஒரே போன் இருந்தா அது பையன் கைக்குத்தான் முதல்ல போகுது. பொண்ணு பாத்திரம் கழுவிட்டு வர்றதுக்குள்ள சார்ஜ் தீர்ந்துடுது. பொண்ணுக்கும் அதே இருபது நிமிஷம் கொடுங்க.

பக்கத்தில் உட்கார்ற நமக்கும் இதில் லாபம் இருக்கு. கைநாட்டு வைக்கிற அக்காக்கள் நம்ம குழுக்களில் இன்னும் இருக்காங்க. பிள்ளையோட சேர்ந்து நீங்களும் வாசிங்க அக்கா. தீர்மான நோட்டில் என்ன எழுதியிருக்குன்னு அடுத்தவங்களைக் கேட்காம, நீங்களே வாசிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுற நாள் வரணும்.