இடையிசையும் இயற்றியவர் பெயரும்

குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்து போயிற்று. அவர்தம் பாட்டில் மிளிர்ந்த தொடரே அவர்க்குப் பெயராய் நிலைத்தது. செம்புலப் பெயனீரார் அத்தகையவர். வானொலியில் இரு நிகழ்ச்சிகளுக்கிடையே சில செக்கன் ஒலித்து மறையும் இசைத் துணுக்கை ஆக்கியவருக்கோ அந்தப் பேறும் எளிதில் வாய்ப்பதில்லை. இசை நேயர் நெஞ்சில் நிற்கும். இயற்றியவர் யாரென எவரும் அறிவிப்பதில்லை.

இலண்டன் பீ.பீ.ஸி. நிறுவனத்தின் ‘றேடியோபோனிக்’ ஒலிப்பட்டறை இதற்குத் தக்க சான்று. டப்னி ஓறம் அம்மையாரும் டெஸ்மண்ட் பிறிஸ்கோவும் முயன்றதன் பயனாக, 1958ஆம் ஆண்டு மெய்டா வேல் கலையகத்தில் அது தொடங்கப்பெற்றது. 1998இல் மூடப்படும் வரை, எண்ணற்ற நிகழ்ச்சிகளுக்கு முகப்பிசையும் இடையிசையும் அங்கே உருவாயின. அவற்றுட் பல பட்டறையின் பெயரையே தாங்கி வெளிவந்தன; ஆக்கியோர் பெயர் மறைந்து நின்றது.

எனினும், கூர்ந்து கேட்கும் செவிக்குச் சில அடையாளங்கள் புலப்படும். அக்காலத்து இலத்திரன் இசை பெரும்பாலும் ஒலிப்பதிவு நாடாவில் வெட்டி ஒட்டப்பட்டது. நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். ஒலியின் நீளமோ பாதியாய்க் குறுகும். ஓர் ஒலி மெல்ல எழுந்து பெருகிச் சட்டென அறுந்து நிற்குமாயின், நாடா பின்னோக்கி ஓட்டப்பட்டிருக்கலாம்.

ஆக்கியவரின் கைப்பழக்கமும் தெரியும். ஜோன் பேக்கர் ஜாஸ் பியானோ வல்லுநர். நாடாத் துண்டுகளின் நீளத்தை நுட்பமாக மாற்றி, இயந்திர ஒலிக்கும் துள்ளும் தாளநடையை அளித்தார். மகளிர் நிகழ்ச்சியில் நேயர் கடிதங்களுக்காக அவர் ஆக்கிய இசை, பட்டறையின் 1968ஆம் ஆண்டு இசைத்தட்டில் அவர் பெயருடன் இடம்பெற்றது. கேம்பிறிட்ஜில் கணிதமும் இசையும் பயின்ற டெலியா டார்பிஷர், உலோக விளக்கு மூடியொன்றைத் தட்டி எழுந்த நாதத்தைக் கொண்டே இசை புனைந்தார்.

1963இல் ‘டொக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடருக்கு றொன் கிறெய்னர் எழுதிய முகப்பிசைக்கு உயிரூட்டியவரும் அவரே. கேட்டு வியந்த கிறெய்னர், இணையாசிரியர் உரிமையை அவருக்கும் வழங்க விரும்பினார்; நிறுவன விதி இடங்கொடுக்கவில்லை. 2001இல் அம்மையார் காலமானார். அவர் வீட்டுப் பரணிலிருந்த 267 நாடாச் சுருள்கள் பின்னர் மஞ்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. தொடரின் 50ஆவது ஆண்டு நிறைவுக் கதையில், 2013இல், அவர் பெயர் திரையில் தோன்றியது. அதைக் காண அவர் இல்லை.

செவி ஊகிக்கலாம், உறுதி கூறுவது ஏடே. நாடாப் பெட்டியின்மீது எழுதப்பட்ட இலக்கமும், நாளும், பெயருமே ஓர் ஆக்கத்தை உரியவரிடம் மீட்டுத்தரும். இடையிசை சில செக்கனில் முடிந்துவிடும். அதன் பெயரை எழுதிவைக்கவும் அதனினும் நீண்ட நேரம் வேண்டியதில்லை.