நமது ஜில்லாவும் அதன் ஜனக்கணக்கும்

(பெரியதாழையில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஜில்லா என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். ஆயினும் அதன் எல்லை யாது, அதில் நமது ஊர் எங்கே நிற்கிறது, நம்மை எண்ணுவோர் எவ்விதம் எண்ணுகிறார்கள் என்று விசாரிப்போர் சிலரே. இவற்றை அறியாமையால் வரும் நஷ்டம் நம்முடையதேயாகையால், இன்று அதைப்பற்றிச் சொல்லப் புகுந்தேன்.

1801-ம் வருஷத்தில் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து முற்றிலும் கும்பினியார் வசமான திருநெல்வேலிச் சீமையின் பகுதியாகவே நமது பிரதேசம் நெடுங்காலம் இருந்தது. 1986-ம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி அது தனியே பிரிக்கப்பட்டு, வ. உ. சிதம்பரனார் பெயரால் ஒரு ஜில்லாவாயிற்று. பின்னர் தலைநகரின் பெயரே ஜில்லாவுக்கும் வழங்கலாயிற்று. வேம்பாறு தொடங்கிப் பெரியதாழை வரையில் அதன் கடற்கரை 163.5 கிலோமீட்டர் நீளம். ஆகவே நாம் கரையின் கடைக்கோடியில் இருக்கிறோம். இங்கிருந்து தெற்கே குட்டம், கூடுதாழை, உவரி முதலியவை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. கடலுக்கு இந்த எல்லை தெரியாது. கச்சான் காற்றில் வடக்கே நகரும் மணல் வாடையில் தெற்கே திரும்பும். ஓரிடத்தில் கல்லைக் கொட்டித் தடுத்தால், ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கம் கரை அரிக்கும். ஒரு கலெக்டரின் எல்லைக்குள் செய்யும் வேலையின் பலனை அடுத்த கலெக்டரின் குடிகள் அனுபவிக்க நேரும். தூண்டில் வளைவு கேட்டு மனுக் கொடுக்கும்போது அயலூராரையும் கலந்துகொள்ள வேண்டுவது இதனாலேயே.

நிலத்தைப் பார்த்தால், வடக்கே விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கம் கரிசல். மழை பார்த்த பூமி. நடுவே ஸ்ரீவைகுண்டம் அணையால் தாமிரபரணித் தண்ணீர் பாயும் நஞ்சை. அந்நதி புன்னைக்காயலருகே கடலில் கலக்கிறது. தெற்கே நமக்குப் பின்புறம் செம்மணல் தேரியும் பனையும். கடலில் முத்துக் குளிப்பு 1961-ம் வருஷத்தோடு ஓய்ந்தது. 1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

நிர்வாகத்திற்கு வருவோம். ஜில்லாவில் பத்துத் தாலுகாக்கள் உண்டு. நமது தாலுகாக் கச்சேரி சாத்தான்குளத்திலும், அதற்கு மேற்பட்ட கோட்டக் கச்சேரி திருச்செந்தூரிலும் இருக்கின்றன. நிலம், பட்டா, சான்று யாவும் இவ்வழியே செல்லவேண்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்திற்கோ பதிவாளர் அதிகாரம் மீன்வளத் துறையாரிடம் இருக்கிறது. விவசாயக் கடன் சங்கத்தின் மேலதிகாரி வேறு. மனு நியாயமாயிருந்தும் வாசல் தவறிப் போனால், மாதக்கணக்கில் மேஜைக்கு மேஜை உருளும்.

இனி முக்கிய விஷயம். 2011-ம் வருஷத்துக் கணக்கின்படி ஜில்லாவின் ஜனத்தொகை 17,50,176. ஆண்கள் 8,65,021, பெண்கள் 8,85,155. ஆயிரம் ஆண்களுக்கு 1,023 பெண்கள் என்றாகிறது. மாகாணம் முழுவதற்கும் அது 996 மாத்திரமே. பிழைப்பைத் தேடி ஆடவர் வெளியூர் செல்வதும் இதற்கு ஒரு காரணமென்பது என் அபிப்பிராயம். ஏனெனில் கணக்கெடுக்கும் முறையைக் கவனியுங்கள். 2011-ல் பெப்ருவரி 9 முதல் 28 வரை வீடுவீடாக எண்ணினார்கள். அந்த இருபது நாளில் ஒரு நாளேனும் ஊரில் இருந்தவர் ஊர்க்கணக்கில் சேர்வார். முழுவதும் வெளியே இருந்தவர் தங்கியிருக்கும் இடத்திலே எண்ணப்பட வேண்டும். அயல் துறைமுகத்தில் தங்கித் தொழில் செய்யும் நம் பிள்ளைகளை அங்கே எவரும் கேளாதிருந்தால், அவர்கள் இரண்டிடத்திலும் இல்லாதவர் ஆவார்கள்!

மற்றொன்று, தொழிலைப்பற்றிய கேள்வி. சென்ற ஓராண்டில் வேலை செய்ததுண்டா, ஆறு மாதத்துக்குக் குறைவா, கூடுதலா என்று கேட்பார்கள். கூடை சுமந்து மீன் விற்கும் தாய்மாரும், கருப்பட்டி காய்ச்சும் பெண்களும், "வீட்டில் சும்மா இருக்கிறேன்" என்று விடை சொல்லிவிடுகிறார்கள். சும்மா இருப்பவர் கையில் அத்தனை காய்ப்பு எப்படி வந்தது? அந்த விடையினால் அவர்கள் உழைப்பு ஏட்டில் ஏறாமற்போகிறது. ஏட்டில் இல்லாத தொழிலுக்கு ஏற்பாடு கேட்டால், ஆதாரம் எங்கே என்பார்கள்.

பத்தாண்டுக்கொருமுறை தவறாது நடந்த கணக்கு 2021-ல் நடைபெறவில்லை. அடுத்ததற்கு 2027-ம் வருஷத்தைச் சர்க்கார் குறித்தார்கள். நமது சங்கத்தில் இதற்கென ஒரு பதிவேடு திறக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கத்தினர் குடும்பத்தில் யார் யார், ஆண் பெண் ஒவ்வொருவரும் செய்யும் வேலை என்ன, வருஷத்தில் எத்தனை மாதம், வெளியே போனவர் எந்தத் துறையில், எந்த மாதம் முதல் எதுவரை என்று எழுதினால் போதும். தங்கல் தொழிலுக்குப் புறப்படுவோர் காரியதரிசியிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். கணக்கு நாள் நெருங்கும்போது, அவ்விடத்தில் தம்மை எண்ணச் செய்யும்படி சங்கத்திலிருந்து அவர்களுக்குத் தகவல் அனுப்பலாம். முதற்பக்கத்தை இன்றிரவே எழுதத் தொடங்கலாம். மகமை எழுதிப் பழகியவர்கள் இக்கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.