பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

(நூற்றாண்டு நிகழ்வுகளின்போது லிங்கநகரில் பெற்றோருக்கும் உயர்தர மாணவியருக்கும் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையில் படித்து வைத்தியர்களான எங்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைக்கவில்லை. காணியை விற்றாவது தனியாரிடம் படிப்பிக்கலாமா?"

முதலில், "கிடைக்காது" என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வர வேண்டாம். நாங்கள் உயர்தரம் எழுதிய காலத்தில் நான்கு பாடங்களின் மொத்தப் புள்ளியைப் பார்த்தார்கள். இன்று இசட் புள்ளி. அரசாங்கப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகின்றன. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. ஆகவே கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் மனமுடையத் தேவையில்லை. வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி; அது ஆண்டுதோறும் மாறும். மூன்று தடவை பரீட்சை எழுதலாம். சிறிய வித்தியாசத்தில் தவறியவருக்கு இன்னொரு தடவை பயன்தரும். இடைவெளி பெரிதென்றால் வேறு துறையை யோசிப்பது நல்லது.

அடுத்தது தனியார் கல்வி. அங்கே உள்ளே போவதைவிட, வெளியே வரும்போது அந்தப் பட்டத்தை யார் ஏற்பார் என்பதே பெரிய கேள்வி. ராகமையில் 1980களில் இயங்கிய வட கொழும்பு மருத்துவக் கல்லூரியை, எதிர்ப்புகளுக்குப் பின் 1989இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. பின்னர் அது களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடமாயிற்று. மாலபேயில் இயங்கிய சைட்டம் நிறுவனத்தின் பட்டதாரிகளைப் பதிவுசெய்ய இலங்கை மருத்துவ சபை மறுத்தது. 2017இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2018இல் உயர் நீதிமன்றமும் பட்டதாரிகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. ஆனாலும் நிறுவனம் மூடப்பட்டு, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று நாங்கள் இங்கே வாதிட வரவில்லை. அந்த இழுபறியில் கழிந்தவை பிள்ளைகளின் வயதும் பெற்றோரின் உழைப்பும்தான்.

வெளிநாட்டு மருத்துவப் படிப்பும் இப்படித்தான். அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா? சபை கேட்கும் குறைந்தபட்ச உயர்தரப் பெறுபேறு பிள்ளையிடம் இருக்கிறதா? திரும்பி வந்தபின் இங்கே ஒரு பதிவுப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் உள்ளகப் பயிற்சி என்பது தெரியுமா? இவற்றை முகவரிடம் அல்ல, சபையிடமே கேளுங்கள்.

மருத்துவம் அல்லாத துறைகளிலும் கேள்வி இதுவே. மானியங்கள் ஆணைக்குழுவோ உயர்கல்வி அமைச்சோ அங்கீகரித்த பட்டமா என்று பாருங்கள். அங்கீகாரமுள்ள சில தனியார் பட்டங்களுக்கு, 2017 முதல் அரசின் வட்டியில்லாக் கடன் திட்டமும் வந்தது. பக்கத்திலுள்ளதையும் மறக்க வேண்டாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் சித்த மருத்துவம் கற்பிக்கிறது. மட்டக்களப்பில் தாதியர் பட்டப்படிப்பு இருக்கிறது. வைத்தியசாலை வைத்தியரால் மட்டும் நடப்பதில்லை என்பதை நாங்கள் ஒவ்வொரு நாளும் காண்கிறோம்.

பெற்றோரிடம் மனம்விட்டு ஒன்று சொல்கிறோம். மகனுக்கென்றால் காணியை ஈடு வைக்கும் குடும்பங்கள், மகளுக்கென்றால் "அது அவளின் சீதனக் காணி" என்று தயங்குகின்றன. அந்தத் தயக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. ஆனால் மகனுக்கோ மகளுக்கோ, அந்தக் காணியை ஒருமுறைதான் விற்கலாம். வீட்டில் தங்கச்சி ஒருத்தியும் படிக்கிறாள் என்பதையும் கணக்கில் சேருங்கள். அத்துடன், இந்தப் படிப்பை விரும்புவது பிள்ளையா நாங்களா என்று அவளிடமே கேளுங்கள்.

எங்கள் சங்கத்தில் இங்கும் கடல் கடந்தும் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், ஆசிரியர்கள் இருக்கிறோம். முற்பணம் கட்டுவதற்கு முன், பிள்ளையின் பெறுபேற்றையும் அந்த நிறுவனத்தின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு எங்களில் ஒருவரிடம் வாருங்கள். சேர்ந்திருந்து வாசிப்போம். உலகெங்கும் இம்மலரை வாசிக்கும் அக்கா தங்கைமாரும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். நூறு வயதான பாடசாலைக்கு அதுவும் ஒரு காணிக்கைதான்.