புகை அடித்தால் போதுமா?



லயத்தில் ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டால் புகை அடிக்க ஆள் வருகிறார்கள். பிள்ளைகள் புகைக்குப் பின்னாலேயே ஓடுகிறார்கள். அது மருந்துப் புகை, ஓட விடாதீர்கள். இரண்டு நாள் கொசு இல்லை. அடுத்த வாரம் பழையபடி கடிக்கிறது. ஏன்?

புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும். நோய் பரவும் வேளையில் புகை வேண்டியதுதான். ஆனால் அது அவசர உதவி மட்டுமே.

என் வகுப்புப் பையன் ஒருவன் 9 நாள் மருத்துவமனையில் கிடந்தான். அவன் வீட்டருகே இரண்டு முறை புகை அடித்தாயிற்று. பிறகு குளியலறைத் தோங்கில் விளக்கடித்துப் பார்த்தோம். அடியில் புழுக்கள்! அவன் தாயார் அழுதுவிட்டார். "சார், தினமும் மொண்டு ஊற்றுகிறேனே!" என்றார்.

மொண்டால் போதாது, தாய்மார்களே. முட்டைகள் தோங்கின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேயுங்கள். நிரப்பியதும் மூடி வையுங்கள்.

வெட்டாத பால்மரங்களில் கிடக்கும் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். மழைநீர் தேங்கும் இந்த மங்குகள் யார் கண்ணிலும் படுவதில்லை, கங்காணியார் கண்ணிலும்தான்.

இப்போது ஞாயிறுதோறும் அந்தப் பையனே தோங்கைத் தேய்க்கிறான். பூட்டிக் கிடக்கும் அடுத்த வீட்டுத் தோங்கை யார் தேய்ப்பது என்பதுதான் லயத்தில் பேச்சு.