கடன் தீர்ப்பும் மனைக்காப்பும்

(விழா அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அருப்புக்கோட்டை வட்டாரம் தமிழ்ச் சமணர்க்கு அயல்நிலம் அன்று. குரண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்த மாணாக்கர்களின் பெயர்கள் மதுரைச் சமணமலைக் கல்வெட்டுகளில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் சோழர் காலக் கல்வெட்டும் உள்ளன. இன்று அந்நிலத்தில் காண்பவை கரிசல் காடும், கண்மாய்க் கரையும், தறியோசையும் ஆகும். திருச்சுழியைத் தழுவிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகவே கிடக்கும். மானாவாரிப் பருத்தியும் மிளகாயும் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகின்றன. நெசவாளர் வீட்டிலோ நூல் விலையும் சரக்குப் போக்கும் வருவாயை ஏற்றி இறக்குகின்றன. வருவாய் இவ்வாறு தாறுமாறாக வரும் ஊரில், கடன் தவணை மட்டும் மாதந்தோறும் தேதி தவறாமல் வாயிலில் வந்து நிற்கிறது. திண்டிவனம், வந்தவாசி, ஆரணிப் பக்கத்து வேளாண் குடும்பங்களுக்கும் இது புதிய செய்தி அன்று. ஆயினும் வறண்ட நிலத்தில் இச்சிக்கல் மறைவின்றித் தெரிவதால் அதுவே இவ்வுரைக்குக் களமாகக் கொள்ளப்பெறுகிறது.

ஒரு நெசவுக் குடும்பத்தைக் கற்பனையாக எண்ணிப் பார்க்கலாம். சொந்த வீடு, அதன் பத்திரம் வங்கியில். வீட்டுக் கடனில் மீதம் 6,00,000 ரூபாய், வட்டி 9 விழுக்காடு, பத்தாண்டுத் தவணை; மாதம் 7,600 ரூபாய். நகைக்கடன் 1,50,000 ரூபாய். வட்டி மட்டும் மாதம் 1,500. தனியாரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியது 1,00,000, மாதம் 3,000. இவற்றோடு ஒரு நாள் தண்டல். தினம் 100 ரூபாய், மாதம் 3,000. ஆக, கடனுக்கு மட்டும் மாதம் 15,100 ரூபாய் வேண்டும். உணவு, பள்ளி, மருந்து, மின்சாரம் எல்லாம் 14,000. தறி நன்றாக ஓடும் மாதத்தில் வருவாய் 28,000. மந்த மாதத்தில் 18,000. நல்ல மாதத்திலேயே 1,100 ரூபாய் துண்டு விழுகிறது. மந்த மாதத்தில் 11,100.

அந்தத் துண்டை அக்குடும்பம் எங்கே அடைக்கும்? தண்டல்காரர் நாள்தோறும் வருகிறார். வட்டிக்குக் கொடுத்தவர் தெருவில் நின்று குரல் எழுப்புகிறார். நகை மீட்பு அறிவிப்புத் தபாலில் வருகிறது. வங்கி மட்டும் முதல் இரண்டு மாதம் ஒரு குறுஞ்செய்தியோடு அமைதியாக இருக்கும். எனவே, வீட்டுத் தவணை நிறுத்தப்படுகிறது. மானத்துக்கு அஞ்சி, குரல் பெரியவருக்கு முதலில் பணம் போகிறது. கடனில் வீடு இழந்த குடும்பங்கள் பலவற்றின் கதை இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. உரக்கப் பேசுகிறவருக்கு வீட்டின்மேல் எந்த உரிமையும் இல்லாதிருக்கலாம். பேசாத வங்கிக்கோ உண்டு.

அவ்வுரிமை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்துகொள்வது நலம். தவணை 90 நாள் நிலுவையாக நின்றால் கடன் செயல்படாச் சொத்து என வகைப்படுத்தப்படும். பின்னர் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின் 13(2) பிரிவின்கீழ் 60 நாள் அவகாசம் தந்து வங்கி அறிவிப்பு அனுப்பலாம். அவ்வறிவிப்பைப் பிரித்துப் பாராமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு; அது பெருங்கேடு. அந்த 60 நாளுக்குள் எழுத்து மூலம் மறுப்போ விண்ணப்பமோ கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு விடையளிக்க வேண்டும். அவகாசம் கடந்தால் நீதிமன்றத்துக்குச் செல்லாமலேயே வங்கி சொத்தைக் கைக்கொள்ள முற்படலாம். அந்நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். தென்மாவட்டத்தார்க்கு அது மதுரையில் உள்ளது. கூட்டுறவு வங்கிகளுக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆதலால், "கூட்டுறவுதானே, பார்த்துக்கொள்ளலாம்" என்னும் ஆறுதல் இனிச் செல்லாது. முழுக் கடனையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையும் 2016 திருத்தத்திற்குப் பின் ஏல அறிவிப்பு வெளியாகும் வரையில்தான்.

சட்டம் சில வேலிகளையும் இட்டுள்ளது. வேளாண் நிலத்தின்மேல் அமைந்த அடமானத்தைச் சர்பாசி வழியில் கைக்கொள்ள இயலாது. வங்கி வழக்கமான வழிகளையே நாட வேண்டும். அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாக்கி இருந்தாலும் அச்சட்டம் பாயாது. அடமானம் வையாத கடனுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றவர், உழவரோ கூலித் தொழிலாளரோ தமக்கு உரிமையாகக் கொண்டு குடியிருக்கும் வீட்டை ஜப்தி செய்யக் கூடாது என்று 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு கூறுகிறது. கைவினைஞரின் தொழிற்கருவிகளுக்கும் அதே பிரிவில் காப்பு உண்டு. ஆனால் வீட்டைத் தாமே அடமானம் வைத்தவர் அவ்வேலியைத் தம் கையால் பிடுங்கி எறிந்தவர் ஆகிறார். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் கைமாற்றுக் கடனையும் தண்டலையும் அடைப்பதற்காக வீட்டின்மேல் புதுக்கடன் எழுப்ப விரைய மாட்டார். வட்டி குறைகிறது என்பது உண்மையே. ஆயினும் வீட்டைத் தொட முடியாத கடன் ஒரே கையெழுத்தில் வீட்டைத் தொடும் கடனாகிவிடுகிறது.

அதனினும் கொடியது ஒன்று உண்டு. கடன் கொடுப்பவர், "நம்பிக்கைக்காக" என்று சொல்லி வீட்டைக் கிரயப் பத்திரமாகவே எழுதி வாங்கிக்கொள்வார்; பணம் கட்டியதும் திருப்பி எழுதித் தருவதாக வாய்மொழி. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால்தான் அது நிபந்தனைக் கிரய அடமானமாகக் கொள்ளப்படும். வாய்மொழியையும் தனித்தாளையும் நம்பிக் கிரயம் எழுதிக் கொடுத்தவர், சட்டத்தின் கண்ணில் வீட்டை விற்றவரே. பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பதும் ஏறத்தாழ அதே குழிதான். எவ்வளவு நெருங்கிய உறவினர் கேட்டாலும் இவ்விரண்டையும் எழுதித் தரலாகாது.

மீண்டும் அக்குடும்பத்துக்கு வருவோம். முதலில் கணவன், மனைவி, சம்பாதிக்கும் மக்கள் யாவரும் ஒரே இடத்தில் அமர்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுத வேண்டும். ஒளித்து வைத்த கடன் ஒன்றிருந்தாலும் திட்டம் பொய்த்துவிடும். மெய்யான வட்டியைக் கணக்கிட வேண்டும். பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்பார்கள். 1,500ஐ முன்னதாகப் பிடித்துக்கொண்டு 8,500ஐக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். வட்டி 1,500தானே என்று தோன்றும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. மூன்று வட்டி என்பது 36 விழுக்காடு. வீட்டுக் கடன் 9தான். தண்டலை முடித்தபின் புதுப்பிக்காதிருப்பதே அக்குடும்பம் எடுக்க வேண்டிய முதல் உறுதி.

அடுத்தது நகை. அடகில் இருக்கும் நகையின் சந்தை மதிப்பு 2,20,000 என்று கொண்டால், அதை மீட்டு விற்றால் நகைக்கடன் போக 70,000 கையில் நிற்கும். அதை மூன்று வட்டிக் கடனின் அசலில் கட்டினால் அங்கே மீதம் 30,000; மாத வட்டி 900. நகைக்கடன் வட்டி 1,500 அறவே ஒழியும். மாதச் சுமை 15,100இலிருந்து 11,500ஆகவும், தண்டல் முடிந்ததும் 8,500ஆகவும் இறங்கும். நகையை விற்பது தாழ்வு, அடகு வைப்பது கௌரவம் என்று கருதும் மனம் மாத வட்டியில் அதே நகையைச் சிறிது சிறிதாக விற்றுக்கொண்டிருக்கிறது. ஆயினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்நகை பெரும்பாலும் மனைவியின் சீதனம். அவரைக் கேளாமல், அவர் மனம் ஒப்பாமல் ஆடவர் செய்யும் முடிவு கடன் தீர்ப்பு ஆகாது.

தனியாருக்கு அசலைப் பகுதியாகக் கட்டும்போது பத்திரத்தின் பின்புறத்தில் தேதியிட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். "மொத்தமாகத்தான் வாங்குவேன்" என்று அடம்பிடிப்பவர் வட்டியை விரும்புகிறாரேயன்றி அசலை விரும்பவில்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றின் பெயரால் அடாத வட்டி வாங்குவதைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. அச்சட்டம் வந்து பதினான்கு ஆண்டு கழிந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் கந்துவட்டித் துன்பத்தால் குழந்தைகளோடு தீக்கு இரையானது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் வட்டிக் கணக்கை வெறும் வாணிகச் செய்தியாகக் கருத இயலாமைக்கு இது ஒன்றே போதும். மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் வாங்குவோரைக் காட்டிலும் கொடுப்போருக்கே முதலில் உரியது. வாங்கியவர்க்குக் கள்ளாமை, திருப்பிக் கொடுக்க எண்ணாமல் வாங்குவதும், வசதி வந்தபின் ஒளிவதும் அதன்பாற்படும்.

இனி மந்த மாதம். தண்டல் முடிந்தபின் நல்ல மாதத்தில் 5,500 ரூபாய் மிஞ்சுகிறது. கணக்குப் புத்தகம், மிஞ்சியதையெல்லாம் 36 விழுக்காட்டுக் கடனில் கொட்டச் சொல்லும். சீரான சம்பளக்காரருக்கு அது சரி. கரிசல் காட்டு வருவாய்க்கு முதலில் ஒரு வீட்டுத் தவணையேனும் தனிக் கணக்கில் சேர்ந்தாக வேண்டும். அதன்பின் அந்த 30,000ஐத் தீர்த்துவிட்டு, மூன்று தவணை அளவாகிய 22,800 வரை சேமிப்பை வளர்க்கலாம். மந்த மாதத்தில் வீட்டுத் தவணைக்கு விழும் துண்டு அப்போது 3,600 ரூபாய்தான். ஆறு மந்த மாதங்களை அச்சேமிப்பு தாங்கும். அக்கணக்கிலிருந்து திருமணத்துக்கோ மொய்க்கோ எடுக்கலாகாது. மொய் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் மாறக்கூடும். ஆயினும் வீடு போனபின் மொய் எழுத யாரும் வரமாட்டார்கள்.

உழவர் வீடாயின், தவணையை மாதக் கணக்கில் ஏற்காமல், அறுவடையை ஒட்டி அரையாண்டுக்கோ ஆண்டுக்கோ அமைத்துத் தருமாறு கடன் வாங்கும் போதே கேட்க வேண்டும். இயற்கைப் பேரிடரில் பயிர்ச்சேதம் 33 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் வேளாண் கடன் தவணையை மாற்றியமைக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடம் தருகிறது. தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக 2017 சனவரியில் அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். இத்தகைய காலத்தில் வங்கிக்குத் தாமே முந்திச் சென்று எழுத்தில் கேட்பவரின் நிலை வேறு. மூன்று தவணை தவறியபின் அழைக்கப்பட்டுச் செல்பவரின் நிலை வேறு.

தள்ளிவைப்பு என்பது தள்ளுபடி அன்று. 2020இல் கொரோனாக் காலத்தில் ஆறு மாதத் தவணை ஒத்திவைப்புக் கிடைத்தபோது பலர் அதைச் சலுகையாக மகிழ்ந்து ஏற்றனர். 6,00,000 ரூபாய்க் கடனில் ஆறு மாத வட்டி 27,000 ரூபாய் அவர்களை அறியாமல் சேர்ந்துகொண்டது. வழியற்றவர்க்கு அது உயிர் காத்தது. வழியிருந்தும் எடுத்தவர்க்கு வீண் செலவு.

தள்ளுபடி மட்டும் இந்நாட்டில் புதிதன்று. 1938இல் இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு இயற்றிய உழவர் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1க்கு முன் பட்ட கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாக நின்ற வட்டியை முழுவதும் துடைத்தது. அசலைப் போல் இருமடங்கு செலுத்தி முடித்தவரின் கடனே தீர்ந்ததாகக் கொண்டது. அண்மையில் 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியாக அறிவிக்கப்பட்டது. பயிர்க்கடன் வாங்கிய உழவர்க்கு இவை மெய்யான உதவிகள். வங்கியில் பத்திரம் வைத்து வாங்கிய வீட்டுக் கடனுக்கு இவற்றுள் எதுவும் நீளவில்லை. தேர்தல் வரட்டும் என்று வீட்டுத் தவணையை நிறுத்துகிறவர் இல்லாத மழைக்கு விதைக்கிறார்.

எல்லாம் முயன்றும் இயலாத நிலை வரலாம். அப்போது ஏலத்துக்கு முன் வங்கியின் இசைவோடு தாமே வாங்குபவரைத் தேடி விற்பது, ஏலத்தில் போவதைவிடப் பெரும்பாலும் மிகுதியான விலை தரும். கடன் போக மிஞ்சுவது குடும்பத்தின் கையில் நிற்கும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்ளவும் வழியுண்டு. அங்கு எழுதப்படும் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. ஆதலால், கட்ட முடிந்த தொகையையே ஒப்புக்கொள்ள வேண்டும். வெட்கத்துக்காகப் பெரிய தொகைக்குத் தலையசைத்தல் கூடாது.

கடன் முடியும் நாளில் செய்ய வேண்டியவையும் உண்டு. முழுத் தொகையும் செலுத்திய 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும் என்றும், தாமதத்துக்குத் தான் காரணமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பர் முதல் இது நடைமுறையில் உள்ளது. பத்திரங்களைப் பெறும்போது, கடன் வாங்கிய நாளில் ஒப்படைத்த பட்டியலோடு தாள் தாளாக ஒப்பிட வேண்டும். அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது என்றால் அதற்குரிய இரசீதையும் பதிவு செய்து, சில நாள் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், வீட்டின் பெயருக்கு நேராகப் பழைய அடமானம் தீர்ந்த பதிவு அதில் இருக்கும்.